குளிசையைக் கொட்டிய நாளும் முதுகெலும்பு மூடிய நாளும்

கேள்வி: டொக்டர் அக்கா, எனக்கு 24 வயது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கலியாணம் முடித்து எட்டு மாசம். 14 வயதிலிருந்து வலிப்புக்குக் குளிசை குடிக்கிறேன். முதலில் தந்தது உடம்பெல்லாம் தடிப்புப் போட்டதால் மாற்றினார்கள். இப்போது சோடியம் வால்புரோயேட் 200, நாளைக்கு மூன்று. மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை. கடைசியாக வீட்டுக்குத் தூரமானது ஜனவரி 20. மார்ச் 17இல் ஸ்ட்ரிப் பார்த்தோம், பிள்ளை தங்கியிருக்கிறது. இந்தக் குளிசையால் ஊனப் பிள்ளை பிறக்கும் என்று நாத்தனார் போனில் தேடிக் காட்டினார். 19ஆம் திகதி எல்லாவற்றையும் கானில் கொட்டிவிட்டேன். பெப்ரவரி 6இலிருந்து நான்கு நாள் காய்ச்சல். டிஸ்பென்சரியில் தந்த அமொக்சிசிலின், பிரிட்டோன், பெனடோல் குடித்தேன். வீட்டுக்காரர் மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மரக்கறித் தோட்டத்துக்குக் கைக்காசுக்குப் போவேன். மாமி இந்தப் பிள்ளையே வேண்டாம், ஒரு ஆளிடம் குளிசை வாங்கித் தருகிறேன் என்கிறார். மாமியுடைய அண்ணன் பிள்ளைக்கு உதடு பிளந்து பிறந்தது, கிரகணத்தில் கத்தி பிடித்ததால் என்று சொல்வார்கள். என் பிள்ளை நல்லா இருக்குமா? நான் டீயாவது குடிக்கலாமா? (கடிதத் திகதி மார்ச் 24.)

பதில்:

தங்கச்சி, ‘கானில் கொட்டிவிட்டேன்’ என்ற வரி வந்ததும் மீதியைப் படிக்காமல் நீங்கள் எழுதியிருந்த நம்பருக்கு எடுத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனீர்கள். அங்கே இருந்த டொக்டர் அதே குளிசையை அதே அளவில் மறுபடி தொடங்கச் சொல்லி, போலிக் அசிட் 5 மில்லிகிராம் எழுதி, நரம்பு நிபுணருக்கு ஒரு கடிதமும் தந்தார். அன்று பின்னேரம் என்னை அழைத்து நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “அக்கா, நஞ்சுன்னு தெரிஞ்சும் அதையே குடிக்கச் சொல்றாங்களே?” போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. உங்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். பேர் ஊர் தெரியாதபடி கடிதத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் கலண்டரை எடுங்கள். ஜனவரி 20 என்று நீங்கள் திகதியைச் சரியாக எழுதியது பெரிய உதவி. பலர் ‘போன மாசத்துக்கு முந்தின மாசம், பொங்கல் கழிச்சு’ என்பார்கள். மாதம் ஒழுங்காக வருபவருக்குக் கரு தரிப்பது சுமார் இரண்டு வாரம் கழித்து, உங்கள் கணக்கில் பெப்ரவரி 3 வாக்கில். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் முதலில் ஒரு தட்டையான பட்டையாகத்தான் இருக்கும். வடைக்கு மடிக்கிற வாழையிலை போல அதன் இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் சந்தித்து, குழாயாக மூடிக்கொள்ளும். கரு தரித்து 28 நாளில் அந்த வேலை முடிந்துவிடும். உங்களுக்கு அது மார்ச் 3. நீங்கள் ஸ்ட்ரிப் பார்த்தது மார்ச் 17, குளிசையைக் கொட்டியது 19.

வால்புரோயேட் பற்றி நாத்தனார் போனில் படித்த பயங்கரம் பெரும்பாலும் இந்த முதுகுத்தண்டுக் குறைபாடுதான். அது வருவதென்றால் மார்ச் 3க்கு முன்பே வந்திருக்கும். வராதிருந்தால் 19ஆம் திகதி கொட்டியதால் புதிதாகக் காப்பாற்றப்பட்டது ஒன்றும் இல்லை. கதவு பூட்டிப் பதினாறு நாள் கழித்துச் சாவியைக் கானில் போட்டிருக்கிறீர்கள். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பிள்ளை தங்கியது தெரிய வரும் முன்பே முக்கியமான வேலைகள் பாதி முடிந்துவிடுகின்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கலியாணம் பேசும்போது நகையும் சீரும் பேசுகிறோம். ‘இந்தப் பிள்ளை வலிப்புக் குளிசை குடிக்குது, கலியாணத்துக்கு முன்னாடி கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்போம்’ என்று பேசுவதில்லை. பேசினால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே.

சரி, ஆபத்து எவ்வளவு? குளிசையே தொடாத, வெற்றிலை கூடப் போடாத தாய்மாரிலும் 100 பேரில் 2, 3 பேருக்குக் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாட்டோடு பிள்ளை பிறக்கிறது. உலகம் முழுக்க அப்படித்தான். வலிப்புக் குளிசை குடித்த தாய்மாரின் 7,355 கர்ப்பங்களை 42 நாடுகளில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வால்புரோயேட் குடித்தவர்களில் மொத்தமாக 100க்கு 10 பிள்ளைகளுக்குக் குறைபாடு இருந்தது. ஆனால் அளவு வாரியாகப் பிரித்தால் கதை மாறுகிறது. நாளைக்கு 1,450 மில்லிகிராமோ அதற்கு மேலோ குடித்தவர்களில் 100க்கு 25. 650 அல்லது அதற்குக் கீழே குடித்தவர்களில் 100க்கு 6. நீங்கள் குடித்தது 600. ஆறு என்பது மூன்றைவிடக் கூடத்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மீதித் தொண்ணூற்று நாலு பிள்ளைகளும் அதே கணக்கில்தான் இருக்கிறார்கள். நாத்தனாரின் போன் அவர்களைக் காட்டவில்லை.

இன்னொரு விஷயத்தையும் நான்தான் சொல்லவேண்டும், வேறு யாராவது பாதியாகச் சொல்வதற்குள். வால்புரோயேட்டின் பாதிப்பு உடல் உறுப்போடு நிற்பதில்லை. இதைக் கர்ப்பத்தில் குடித்த தாய்மாரின் பிள்ளைகளில் 100க்கு 30, 40 பேர்வரை பேச்சு, படிப்பு, நடத்தை ஆகியவற்றில் பிந்துவதாகக் கண்டிருக்கிறார்கள். இதுவும் அளவு கூடக் கூடக் கூடுகிறது. மூளை ஒன்பது மாதமும் வளர்வதால் இந்தக் கதவு மார்ச் 3இல் பூட்டிக்கொள்வதும் இல்லை. இதனால்தான் 2018இலிருந்து ஐரோப்பாவில் பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு, வேறு வழி இருந்தால், இதை எழுதக்கூடாது என்பது விதி. நரம்பு நிபுணருக்குக் கடிதம் தந்ததும் இதற்காகத்தான். லமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன ஆய்வில் அவற்றுக்கு 100க்கு 3க்குக் கிட்டத்தான் வந்தது, குளிசை குடிக்காதவர்களைப் போலவே. முதலில் உங்களுக்குத் தடிப்புப் போட்ட குளிசையின் பேரை எப்படியாவது தேடிக் கொண்டுபோங்கள். லமோட்ரிஜினுக்கும் தடிப்பு வரலாம், நிபுணர் அதைக் கேட்பார். மாற்றுவதா, இருப்பதையே குறைந்த அளவில் தொடர்வதா என்பது அவர் முடிவு. நானோ நாத்தனாரோ சொல்லும் விஷயம் அல்ல.

அப்படியானால் அதுவரைக்கும் ஏன் குடிக்கவேண்டும்? இதற்குப் பதிலாக ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் படித்து முடித்து முதன்முதலாக மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த காலம். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரை லொறியில் ஏற்றி வந்தார்கள். வலது கையும் கழுத்தும் வெந்திருந்தது. விடியற்காலை நாலரைக்கு அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து அடுப்பின் மேலேயே விழுந்திருக்கிறார். லயத்து அடுப்பு தெரியும்தானே, தரையோடு தரையாக, மூன்று கல்லு, குனிந்துதான் ஊதவேண்டும். புருஷன் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை கை நெருப்பிலேயே கிடந்தது. நான் கர்ப்பிணிப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘வலிப்பு இல்லை’ என்று எழுதியிருந்தது. குளிசையைப் பற்றிக் கேட்டதற்கு மாமியார் பக்கத்தில் நின்றபடி, “பிள்ளைக்குச் சூடுன்னு நிறுத்திட்டோம்” என்றார். மூன்றாம் நாள் பிள்ளையின் துடிப்பு கேட்கவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். விரல்கள் மடங்காமல் போனதால் அதற்குப் பிறகு அவரால் கொழுந்து எடுக்க முடியவில்லை.

நீங்கள் மூன்று வருஷமாக வலிப்பில்லாமல் இருப்பது அந்தக் குளிசையால்தான். சட்டென்று நிறுத்தினால் முன்பு வந்ததைவிடப் பலமாக, ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வரலாம். அப்படி வரும்போது தாய்க்கு மூச்சுக் குறையும், பிள்ளைக்குப் போகிற காற்றும் குறையும். நீங்கள் நிற்பதோ சரிவான மலை. முதுகில் கொழுந்துக் கூடை, காலடியில் கான் வெட்டியிருக்கும். நிபுணரைப் பார்க்கும்வரை குளிசையைத் தொடரச் சொன்னதற்கு இதுதான் காரணம். நூற்றில் ஆறு என்ற ஆபத்தில் பெரும்பங்கு ஏற்கனவே கடந்துபோய்விட்டது. வலிப்பின் ஆபத்து ஒவ்வொரு நாளும் புதிதாக வரும்.

போலிக் அசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதுகுத்தண்டு மூடுவதற்குத் துணை செய்யும் விட்டமின். பலன் தர வேண்டுமானால் கரு தரிக்கும் முன்பே தொடங்கியிருக்கவேண்டும். இப்போது தந்திருப்பதை 12 வாரம்வரை குடியுங்கள். உங்களுக்கு 12 வாரம் நிறைவது ஏப்ரல் 14, சித்திரை வருஷப் பிறப்பன்று. அதற்குப் பிறகு கிளினிக்கில் என்ன சொல்கிறார்களோ அது. அடுத்த பிள்ளைக்கென்றால் குறைந்தது மூன்று மாதம் முன்னாடியே மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் குளிசைகள். உங்கள் கடிதத்தில் அதிகமாக அழுதிருப்பது இதற்காகத்தான். இங்கேதான் உங்களுக்கு முழு நிம்மதி தரமுடியும். பெப்ரவரி 6 என்பது கரு தரித்து மூன்றாம் நாள். அப்போது பிள்ளை கருப்பையில் ஒட்டக்கூட இல்லை. கடுகைவிடச் சின்னதாக, தாயின் இரத்தத்தோடு தொடர்பு இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும். அந்த முதல் இரண்டு வாரத்தில் பலமான அடி பட்டால் கரு தங்காமல் போய்விடும். தங்கிவிட்டால், பெரும்பாலும் அந்த அடியின் தடமே இராது. இது போக, நீங்கள் குடித்த மூன்றுமே கர்ப்பிணிகளுக்கு நாங்கள் தினமும் எழுதித் தரும் மருந்துகள்தான். டிஸ்பென்சர் ஐயாமேல் கோபப்பட ஒன்றுமில்லை.

எந்த மருந்து என்பதோடு எந்த நாள் என்பதும் சேர்ந்துதான் கணக்கு என்பதை டொக்டர்மார் கற்றுக்கொண்டது மிகப் பெரிய விலை கொடுத்து. தலிடோமைடு என்று ஒரு தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்தார்கள். ஆபத்தே இல்லாதது என்றுதான் விளம்பரம். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி ‘ஆதாரம் போதாது’ என்று விற்பனைக்கு அனுமதி தராமல் இழுத்தடித்ததால் அங்கே மிகச் சிலரே பாதிக்கப்பட்டார்கள். பிறகு தாய்மாரின் கணக்கைத் திகதி வாரியாகப் பார்த்தபோது, கரு தரித்து 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள்வரை குடித்தவர்களின் பிள்ளைகளே பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. காதும் கையும் காலும் முளைக்கிற நாட்கள் அவை. அதே தலிடோமைடை இன்றும் தொழுநோய்க்கும் எலும்பு மச்சையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், கர்ப்பம் தரிக்கக்கூடாது என்ற கடுமையான நிபந்தனையோடு.

இனி மாமி சொன்ன குளிசை. இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்படி ஒளித்து விற்கப்படுவது பெரும்பாலும் மிசோப்ரோஸ்டோல். அது கருவைக் கலைக்கத் தவறினால், பிறக்கும் பிள்ளைக்கு முகத்தின் நரம்பு வேலை செய்யாமல் போகலாம், சிரிக்கவோ கண்ணை மூடவோ முடியாத முகம். கை கால் குறைபாடும் வரலாம். ஊனம் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்கும் குளிசையே ஊனத்தைத் தருவது! யாரோ பையிலிருந்து எடுத்துத் தருவதில் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. இரத்தம் நிற்காமல் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் இலங்கைச் சட்டமும் தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஏதாவது குடித்துவிட்டவர்கள் இதைப் படித்தால், இரத்தம் போனால், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எங்களுக்கு முதல் வேலை உங்களைப் பிழைக்க வைப்பது.

மாமியை வில்லியாக்கவும் எனக்கு மனமில்லை. உதடு பிளந்த பிள்ளையை ஒரு குடும்பம் எப்படி வளர்த்தது, ஊர் என்னவெல்லாம் பேசியது என்று கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பயம்தான் பேசுகிறது. ஆனால் கிரகணத்துக்கும் கத்திக்கும் உதட்டுக்கும் தொடர்பில்லை. முகத்தின் இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வரும் சதை கரு தரித்து ஆறு, ஏழாவது வாரத்தில் மேலுதட்டில் சந்திக்கும். சந்திக்கத் தவறினால் பிளவு. சுமார் 700 பிள்ளைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. பரம்பரை ஒரு காரணம், தாயின் புகைப்பழக்கம், வலிப்புக் குளிசைகளில் சில, இப்படிப் பல சேர்ந்து வருவது. உங்கள் வீட்டுக்காரரின் பக்கம் ஒரு பிள்ளைக்கு இருந்ததை ஸ்கேன் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், உதட்டைக் கவனித்துப் பார்ப்பார். வந்தாலும் உதட்டைச் சில மாதங்களிலும் அண்ணத்தை ஒரு வயது வாக்கிலும் தைத்துவிடலாம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல். அந்தக் குடும்பத்தின் தாய் கத்தி பிடித்த குற்றத்தை இவ்வளவு நாள் சுமந்துகொண்டிருந்தால், போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்கேன் என்றதும் திகதி: 18 முதல் 22 வாரத்துக்குள், அதாவது மே 26க்கும் ஜூன் 23க்கும் இடையில், உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் எடுக்கவேண்டும். சாதாரணமாகத் துடிப்பு மட்டும் பார்க்கும் ஸ்கேன் போதாது. ‘வால்புரோயேட் குடிக்கிறேன், முதுகெலும்பையும் இருதயத்தையும் பார்க்கவேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாயில் வராவிட்டால் இந்த வரியை ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ‘அவங்களுக்குத் தெரியாதா’ என்று நம்மாட்கள் சும்மா இருந்துவிடுவார்கள். நூறு பேர் வரிசையில் நிற்கும் நாளில் தெரியாமல் போகலாம்.

இப்போது மருந்தடிக்கிற கதைக்கு வருவோம். மலையில் புல்லுக்கு இப்போது அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட். 2015இல் நாடு முழுக்கத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி விட்டார்கள். மனிதரில் அது பிறவிக் குறைபாடு தருகிறது என்று தலிடோமைடைப் போல அடித்துச் சொல்லும் ஆதாரம் கிடையாது. அதனால், வீட்டுக்காரர் மருந்தடித்தார், பிள்ளை கெட்டுப்போச்சு என்று அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனாலும் எந்தப் பூச்சிமருந்தும் கர்ப்பிணியின் தோலில் படவேண்டிய பொருள் அல்ல. எனக்குக் கவலை, அவர் அடிப்பதைவிட நீங்கள் தோய்ப்பது. அடித்துவிட்டு வந்து இஸ்தோப்பில் கழற்றிப் போடும் சட்டையையும் சாரத்தையும் யார் கையால் கசக்குவது? பிள்ளை பிறக்கும்வரை அவரே தோய்க்கட்டும். தனி வாளி, தனிச் சவுக்காரம், உங்கள் துணியோடு சேர்க்காமல். காம்பராவுக்குள் வருமுன் உடம்பைக் கழுவட்டும். தாங்கியைக் கழுவுவது குடிதண்ணி எடுக்கும் பீலிக்கு மேலே அல்ல. காலி மருந்துக் கேனில் தண்ணி பிடித்து வைத்திருந்தால் இன்றைக்கே ஓட்டை போட்டுவிடுங்கள். எத்தனை தரம் அலசினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது.

மரக்கறித் தோட்டம்தான் கூடுதல் கவலை. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் அடிக்கிற அந்த மஞ்சள் தூள், மன்கோசெப், உடம்புக்குள் போனதும் எத்திலீன் தயோயூரியா என்று ஒன்றாக மாறும். எலிகளில் அது குட்டிகளின் மூளையையும் எலும்பையும் கெடுத்ததைப் பார்த்திருக்கிறார்கள். இனப்பெருக்கத்துக்குக் கேடு என்ற காரணமும் சேர்ந்துதான் 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மனிதரில் அதே அளவுக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. எலிக்குக் கொடுத்த அளவு அதிகம். இருந்தாலும், அந்தத் தூளை வாளியில் வெறுங்கையால் கலக்குகிற பெண்களை நான் நுவரெலியா றோட்டோரத்திலேயே பார்க்கிறேன். நீங்கள் கலக்கவேண்டாம். மருந்தடித்த பாத்தி ஈரமாக இருக்கும்போது களை பிடுங்கவும் லீக்ஸ் பிடுங்கவும் இறங்கவேண்டாம். ஞாயிற்றுக் கைக்காசை விட்டால் அடுப்பு எரியாது என்றால், அடித்த பாத்தி எது என்று தோட்டக்காரரிடம் கேட்டு, இல்லாத பக்கத்தில் வேலை கேளுங்கள். கையுறை போட்டு, சாப்பிடுமுன் சவுக்காரத்தால் கைகழுவுங்கள். விட முடிந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் விருப்பம். அந்தக் காசை உங்கள் கையில் நான் வைக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன்: வெற்றிலை போடுவீர்களா, புகையிலையோடு? மருந்துக்குப் பயந்து கிளினிக்குக்கு ஓடிவரும் பெண்ணின் மடிப்பையில் வெற்றிலைப் பொட்டலம் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மெல்லும் புகையிலையும் பிள்ளையின் எடையைக் குறைக்கும், காலம் முந்திப் பிறக்கவைக்கும், வயிற்றிலேயே இறக்கவும் காரணமாகும். குளிருக்கு இதமாக இருக்கிறது, மலையில் பசி தெரியாது என்பார்கள். உண்மைதான். இருந்தும் விடவேண்டும். வீட்டில் யாராவது ‘உடம்பு வலிக்கு ஒரு மடக்கு’ என்று கசிப்போ சாராயமோ நீட்டினால் அதுவும் வேண்டாம். கர்ப்பத்தில் குடிக்க இவ்வளவு சாராயம் பரவாயில்லை என்று அளவு எதுவும் கிடையாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சுருக்கமாக. பிரஷருக்கு எனலப்ரில் அல்லது லோசார்டன், இருதய வால்வுக்காக வார்பரின், மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் குடிப்பவர்கள் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். தாங்களாக நிறுத்தக்கூடாது, முக்கியமாக வார்பரினை. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் பிள்ளையின் முகம், மூளை, இருதயம் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது. நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பிறகே கர்ப்பம். கொழும்புக் கடையிலிருந்து வரும் லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமில் பாதரசம் இருக்கலாம், அது தாயின் தோல் வழியாகப் பிள்ளையின் மூளைவரை போகும். கூடை சுமந்து முதுகு வலிக்கிறது என்று பார்மசியில் டிக்ளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இங்கே அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு அது பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்குப் பக்கத்து இரத்தக் குழாய்க்கும் கேடு. வலிக்குப் பெனடோல் போதும், அதுவும் தேவைக்கு.

நிபுணரிடம் போகும் நாளில் குளிசை மட்டையைக் கையில் கொண்டுபோங்கள். ‘வெள்ளைக் குளிசை, நாளைக்கு மூணு’ என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் மாமியையும். டொக்டர் சொல்வதை அவர் நேரில் கேட்டால் லயத்தில் உங்களுக்குப் பாதிப் பாரம் குறையும். பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம், வலிப்புக் குளிசை குடிக்கும் தாய்மாரில் பெரும்பாலோர் பால் கொடுக்கலாம்.

கடைசியாக டீ. நாளெல்லாம் கொழுந்து கிள்ளுகிற கை, ஒரு கோப்பை டீக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறது! குடியுங்கள் தங்கச்சி. கர்ப்பிணி ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கெபெய்ன்வரை எடுக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம்ம கோப்பையில் மூன்று, நான்கு டீ அதற்குள் அடங்கும், சாயம் அளவாக இருந்தால். ஒன்று மட்டும்: கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள், சோற்றோடு சேர்த்து டீயும் குடிக்காதீர்கள். சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீ குடித்து ஒரு மணித்தியாலமாவது போகட்டும். இராத்திரி படுக்கப் போகும்முன் வெறும் தண்ணியோடு குளிசையை விழுங்கிவிட்டுப் படுங்கள்.